மூன்றரைச் சுற்றில் ஒரு மரணம்!

பிணம் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை!

மேட்டுச் சாலையின் ஓரம்... செங்குத்தான பள்ளம். அடியில் ரெக்கவரி வண்டி குப்புறக் கிடந்தது. பழுதாகி நின்ற ஒரு சிமென்ட் லாரியை இழுத்து வந்த வண்டி அது. இப்போது அந்த லாரியே அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ப்ரேக் பிடிக்கலையா?"

வாகன ஆய்வாளர் கிரீஸ் கையைத் துடைத்தபடி மேலே ஏறி வந்தார்.

"ப்ரேக்ல கோளாறு இல்ல சார். பின் ஆக்ஸிலை மாத்தியிருக்காங்க!"

"மாத்தினா என்ன?"

"சக்கரம் ஒரு சுத்து சுத்தணும்னா, எஞ்சின்ல இருந்து வர்ற ஷாஃப்ட் இத்தனை சுத்து சுத்தணும்னு ஒரு கணக்கு இருக்கு. இந்த வண்டிக்கு அஞ்சு. இப்ப சாக்பீஸ்ல கோடு போட்டு, சுத்திப் பார்த்தேன்... மூணரைதான் வருது!"

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"கியர் சைக்கிள் ஓட்டியிருக்கீங்கல்ல? மேட்டுக்கு ஒரு கியர், சமதரைக்கு ஒரு கியர். மூணரைங்கறது சமதரைக்கு. வேகமா ஓடும், டீசல் கம்மியா குடிக்கும். ஆனா இழுவை போயிடும். பத்து டன் இழுத்த வண்டி இப்ப ஏழு இழுத்தாலே பெரிசு. இந்த லாரி ஒன்பது டன்! பாதி மேட்டுல எஞ்சின் திணறி நின்னிருக்கும். எஞ்சின் நின்னா ப்ரேக்குக்கும் பாதி பலம் போயிடும். அப்புறம் என்ன... இவர் லாரியை இழுத்தது போய், லாரி இவரை இழுத்துக்கிட்டுப் போயிருக்கு!"

"ஓட்டறவனுக்குத் தெரியாதா?"

"வெளியில பார்த்தா பழைய மாதிரியேதான் இருக்கும். காலி வண்டியில நல்லா ஓடுதேன்னுதான் தோணும்."

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. ஆக... கொலை!

ஆக்ஸிலில் கை வைக்கக்கூடியவன் ஒரே ஒருவன். செத்தவனின் அண்ணன். இருவரும் சேர்ந்து நடத்திய வண்டி ஷெட்டின் மெக்கானிக். ஷெட்டை இரண்டாகப் பிரி என்று தம்பி கேட்டதும், இருவரும் ஸ்பானரோடு கட்டிப் புரண்டதும் தெருவுக்கே தெரியும்.

ஷெட்டில் அண்ணன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"மாத்தினது நீதானே?"

"நான்தான் சார். இனிமே கார் மட்டும் இழுத்தா போதும், டீசலாவது மிஞ்சும்னு..."

"தம்பிகிட்ட சொன்னியா?"

"எங்களுக்குள்ள ஆறு மாசமா பேச்சில்ல சார். எதுன்னாலும் அவன் பொண்டாட்டிகிட்டதான் சொல்லி அனுப்புவேன். நேத்தும் அவங்க வாசல்ல நின்னு சொன்னேன்... 'ஆக்ஸிலை மாத்தியிருக்கேன்மா. காரைவிடப் பெரிசா எதையும் கொக்கியில மாட்ட வேணாம்னு சொல்லிடு'ன்னு!"

"சாட்சி?"

"அந்தப் பொண்ணுதான் சார்."

"அவ இல்லன்னுட்டா... உனக்கு ஆயுசு முழுக்க கம்பிதான்!"

கூடப் பிறந்தவனோடு பேச மாட்டேன் என்று வீம்பு பிடித்தவன், இப்போது ஒருத்தியின் வாயை நம்பி நின்றான். பாவம் என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை.

தம்பி வீட்டில், அவன் மனைவி சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை.

"அம்மாடி... நான் சொன்னேன்ல? சொல்லும்மா!" அண்ணன் கெஞ்சினான்.

சமையலறைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாமா சொன்னாரு சார்."

அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினான். இன்ஸ்பெக்டர் எடுத்து வைத்திருந்த கைவிலங்கைப் பைக்குள் போட்டார். போட்ட கை அப்படியே நின்றது!

"அப்போ... நீ உன் புருஷன்கிட்ட சொல்லலையா?"

அவள் முடியை ஒதுக்கினாள். கன்னத்தில் நாலு விரல்களும் பதிந்து வீங்கியிருந்தன.

"'வண்டியில'ன்னு ஆரம்பிச்சேன். 'பொம்பளைக்கு வண்டியைப் பத்தி என்னடி பேச்சு'ன்னு விட்டாரு ஒண்ணு. இது முதல் தடவை இல்ல சார்."

"காலையில லாரி இழுக்கப் போறார்னு தெரியுமா?"

"தெரியும். போன் வந்தப்ப பக்கத்துலதான் நின்னேன். சிமென்ட் லாரி, மேட்டு ரோடுன்னு காதுல விழுந்துச்சு. சாவியை எடுத்துக் கொடுத்ததே நான்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பிழைச்சிருப்பானே!" இன்ஸ்பெக்டர் கத்திவிட்டார்.

"ஆமா சார். பிழைச்சிருப்பாரு."

அவள் குரலில் வருத்தமும் இல்லை, பயமும் இல்லை. வருஷக்கணக்காய் ஊறிய கசப்பு மட்டும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் மனசுக்குள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பேசியதற்குப் பிரிவு இருந்தது. அடித்ததற்கு இருந்தது. பேசாமல் இருந்ததற்கு...?

அவள் எழுந்து குழாயை இறுக்கி மூடினாள்.

"அண்ணன் சொன்னதைத் தம்பிக்கும், தம்பி திட்டினதை அண்ணனுக்கும் ஆறு மாசமா நான்தான் சார் சுமந்தேன். தபால்காரிக்கு ஒரு நாள்கூட லீவு கிடையாதா?"