பத்துக்கு இரண்டு

வஞ்சிக்கு அமைந்திருந்த வரனைத் தட்டிவிட்டது ஜாதகமும் இல்லை, நகைநட்டும் இல்லை. சில்லு. முழங்கால் உயரமுள்ள ஓர் இயந்திரக் குட்டி அது. அதுவும் நிஜத்தில் கிடையாது, 'நெடுவான்' என்ற தொலைக்காட்சித் தொடரில் வருவது. அந்தச் சில்லுவைப் பனிக்கோளில் விட்டுவிட்டு வரலாமா கூடாதா என்ற கேள்வியில்தான் திருப்பூரில் ஒரு கல்யாணம் நின்றது.

பொருத்தக்காரர் அர்த்தநாரி தன் பொருத்தமானியின் திரையை மேல்துண்டால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை. பத்துக்கு இரண்டு என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பெண்ணின் அம்மா துளசிமணி முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். மாப்பிள்ளை சென்னியப்பன் மட்டும் வாசல்வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். வஞ்சியும் பார்த்தாள். அதற்கெல்லாம் பொருத்தமானியில் மதிப்பெண் கிடையாது.

'நெடுவான்' வஞ்சி பிறப்பதற்கு முன்பு, எல்லாத் தொடரையும் போலத்தான் முதலில் வந்தது. தூரத்து நட்சத்திரத்துக்குப் போகும் ஒரு விண்கலம், அதற்குக் கோவேந்தன் என்று ஒரு தலைவன், கூடவே சில்லு. தொடர் முடியச் சில பகுதிகளே இருந்தபோது கலம் ஒரு பனிக்கோளில் இறங்கியது. சில்லு ஒரு பிளவில் விழுந்தது. தேடப் போனால் எரிபொருள் பற்றாது என்று கோவேந்தன் அதை விட்டுவிட்டுக் கிளம்பினான். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். கோவேந்தனாக நடித்தவருக்கு ஊரில் ஒருவரும் சவரம் செய்துவிடவில்லை. தயாரித்த நிறுவனம் தாக்குப்பிடிக்க முடியாமல், "நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று கதைத்திருப்பி என்ற கருவியைக் கடைக்கு அனுப்பியது.

கதைத்திருப்பி சோற்றுப் பானை அளவு இருக்கும். அதன் முன் உட்கார்ந்து, "இது இப்படி இல்லை, அப்படி" என்று சொன்னால் போதும். அதே முகங்கள், அதே குரல்களோடு காட்சியைப் புதிதாக வரைந்து, அதற்குப் பின்னால் வருவதையெல்லாம் அதுவே ஒழுங்கு செய்துகொள்ளும். சீக்கிரமே ஒரு வீட்டு நெடுவான் இன்னொரு வீட்டில் கிடையாது என்றாகிவிட்டது. பாதிப் பேர் கோவேந்தனைத் தங்கள் ஊர்க்காரன் ஆக்கினார்கள். வஞ்சியின் பெரியம்மா இரண்டாம் பகுதியிலேயே அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டாள், மீதிப் பகுதிகள் முழுவதும் ஆடிச் சீரும் வளைகாப்புமாகப் போயின. உயரம் என்றால் பயப்படும் ஒரு வங்கி மேலாளர் கலத்தைக் கிளப்பவே இல்லை. அவருடையது நல்ல குடும்பக் கதை என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். ஒவ்வொருவரும் இப்படித் திருத்தி வைத்திருந்ததற்குத் தன்கதை என்று பெயர். முதலில் வந்த நெடுவானை யாரும் வைத்திருக்கவில்லை.

இதிலிருந்து பொருத்தம் பார்க்கலாம் என்று யாரோ ஒரு பேராசிரியர் கண்டுபிடித்தார். பிறந்த நேரத்துக் கிரகங்களை யாரும் தன் கையால் வைக்கவில்லை. ஆனால் ஒரு கதையில் எதை மாற்றுகிறோம், எதைத் தொடாமல் விடுகிறோம் என்பது மனசு செய்கிற வேலை. தலைமுறையாக ஜாதகம் பார்த்துச் சொல்லிவந்த குடும்பங்கள் பொருத்தமானி வாங்கி வைத்துக்கொண்டன. அர்த்தநாரியின் அப்பாவும் அப்படி மாறியவர்தான். அவர் பார்த்து முதன்முதலில் பத்துக்குப் பத்து வந்த ஜோடி துளசிமணியும் அவள் கணவர் நாச்சிமுத்துவும். அவர்களுடைய கல்யாணப் படத்தை அந்த அலுவலகத்தில் இன்றைக்கும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். துளசிமணி அந்தப் பக்கம் போனால் படத்தைப் பார்க்காமல் வரமாட்டாள்.

இப்பேர்ப்பட்டவர்கள் மகளுக்குப் பத்துக்கு இரண்டு.

வஞ்சியும் சென்னியப்பனும் பழகியது வேலையிடத்தில். பனியன் நெய்த திருப்பூர் இப்போது விண்கலங்களுக்குச் சூரியப் பாய் நெய்தது. வெயில் பட்டால் காற்றுப் பட்ட கப்பல் பாய் மாதிரி கலத்தை அது தள்ளிக்கொண்டு போகும். வஞ்சி அதன் பின்னலில் விட்டுப்போன கண்ணியைத் தேடும் சோதனைக்காரி. சென்னியப்பன் ஏவுதளத்தின் சார்பில் பாயை வாங்கிப் போக வருபவன். முதல் நாளே ஒரு கண்ணிக்காக இருவரும் மத்தியானச் சாப்பாட்டை மறந்து சண்டை போட்டார்கள். அப்புறம் அவன் வரும் நாளெல்லாம் சண்டை போட ஏதாவது ஒன்றை அவள் எடுத்து வைத்திருந்தாள். அவன் வராத நாள் அவளுக்குச் சப்பென்று இருந்தது. இதற்கு என்ன பேர் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அதனால்தான் பெண் பார்க்கவே வந்தார்கள்.

எண் குறைந்தால் ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்கலாம், அதற்குள் கதை முதிர்ந்திருக்கும் என்பது பொருத்தக்காரர்களின் வழக்கம். அந்த இன்னொரு தடவையே வேண்டாம் என்றாள் துளசிமணி. வஞ்சியின் கதையில் கோவேந்தன் சில்லுவைத் தேடிக் கலத்தைத் திருப்பிக்கொண்டு போய்த் தூக்கி வருகிறான். எரிபொருளைப் பற்றி அவள் கவலையே படவில்லை. சென்னியப்பனின் கதையில் சில்லு பனியிலேயே கிடக்கிறது.

"அத்துவானத்துல ஒரு சின்ன உசுர விட்டுப்போட்டு வந்தவன் கண்ணு அவன்," என்றாள் துளசிமணி. "நாளைக்கு உனக்கொண்ணுன்னா கணக்குப் போட்டுட்டு நிப்பான்."

வஞ்சியின் கண் அலமாரிக்குப் போனது. ஜாதகம் மாற்றிக்கொள்வது போலத் தன்கதைகளின் பிரதியை இரு வீட்டாரும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய பிரதி அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்து, தன் கதையை அப்படியே அவன் கதையாக மாற்றிவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். கள்ளத்தனம்தான். மாட்டினால் அந்தப் பக்கத்தில் எந்தப் பொருத்தக்காரரும் அவர்கள் வீட்டுப் படியேற மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தாள். அவன் கதை அவளுக்குக் கொட்டாவியை வரவழைத்தது. விண்வெளியில் காற்று இல்லை என்று சண்டைக் காட்சிகளில் சத்தத்தையே எடுத்துவிட்டிருந்தான். பாட்டெல்லாம் போயிருந்தது. கலத்தில் எல்லாருக்கும் முறை வைத்து வேலை, முறை வைத்துத் தூக்கம். பனிக்கோள் வந்தது. கோவேந்தன் சில்லுவை விட்டுவிட்டுக் கிளம்பினான். அவளுக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

அடுத்த பகுதியில் யாரோ இருவர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மூலையில், கோவேந்தன் ஒரு பலகையில் எதையோ எழுதி அழித்துக்கொண்டிருந்தான். விட்டுப்போன கண்ணியைத் தேடிப் பழகிய கண் அதைப் பிடித்துக்கொண்டது. படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள். எரிபொருள் கணக்கு. சாப்பாட்டைக் குறைத்தால் பற்றுமா, கட்டில்களைத் தூக்கிப் போட்டால் பற்றுமா, தலைவனே கலத்தை விட்டு இறங்கிவிட்டால் பற்றுமா. எல்லாவற்றுக்கும் கீழே பற்றாது என்று எழுதியிருந்தது. அடுத்த பகுதியிலும் மூலையில் அவன் இருந்தான், கொஞ்சம் தாடியோடு. தொடர் முடியும்வரை எல்லாப் பகுதியிலும் யார் பின்னாலாவது உட்கார்ந்து அதே கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தான். அதை ஒருவரும் கவனிக்கப் போவதில்லை என்று தெரிந்தே சென்னியப்பன் வைத்திருந்தான்.

வஞ்சி அழுதாள். இவனைக் கட்டாமல் வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று அப்போதுதான் அவளுக்குத் திட்டமாகத் தெரிந்தது.

பிறகு தன் கதையை எடுத்து ஒவ்வொன்றாகக் கெடுத்தாள். பாட்டை எடுத்தாள், சத்தத்தை எடுத்தாள். பனிக்கோளுக்கு வந்ததும் சில்லுவை விட்டுவிட்டுக் கிளம்பும்படி சொன்னாள். கதைத்திருப்பி ஒரு கணம் யோசித்தது. இது உங்கள் கதையின் போக்கோடு ஒட்டவில்லையே, உறுதிதானா என்று கேட்டது. உறுதி என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாம் முடிந்த பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. கடைசியில் ஒரே ஒரு காட்சி சேர்த்தாள். சில்லு பிளவிலிருந்து மெதுவாக ஏறி வெளியே வருகிறது. கலம் போன திசையைப் பார்க்கிறது. நடக்க ஆரம்பிக்கிறது. நடக்கட்டுமே, காசா பணமா.

மாதம் திரும்பியது. அர்த்தநாரி எடுத்துச் சொன்னதால் இரு வீட்டாரும் அவர் அலுவலகத்தில் மறுபடி கூடினார்கள். துளசிமணி இந்தத் தடவை முறுக்கே கொண்டு வரவில்லை. அர்த்தநாரி இரண்டு கதைகளையும் பொருத்தமானிக்குள் செலுத்தினார்.

பத்துக்கு இரண்டு.

வஞ்சி எழுந்து திரையை எட்டிப் பார்த்தாள். சென்னியப்பனும் எழுந்துவிட்டான். அர்த்தநாரி பொருத்தமானியின் தலையில் ஒரு தட்டு தட்டினார். பழுதோ என்று, துளசிமணி நாச்சிமுத்து இருவரின் பழைய கதைகளையும் போட்டுப் பார்த்தார். பத்துக்குப் பத்து என்று உடனே காட்டியது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எது எங்கே மாறியிருக்கிறது என்று உள்ளே நோண்டிப் பார்த்தார். பார்த்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொண்ணோட கதை மாப்பிளயோடது ஆயிருக்குதுங்க. மாப்பிளயோடது பொண்ணோடது ஆயிருக்குது. ரெண்டு பேரும் எடம் மாறி உக்காந்திருக்கறாங்க, தூரம் அப்படியே கெடக்குது."

சென்னியப்பனின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மானம் போகிறதுக்குள் கிளம்பலாம் என்றார். அர்த்தநாரி கள்ளக்கதை செய்தவர்களுக்கு வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தார். துளசிமணி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். பையன் செய்த கள்ளத்தனத்தைத் தான் பார்க்கவேண்டும் என்றாள். சில்லு வருகிற இடத்தை மட்டும் போடச் சொன்னாள்.

அர்த்தநாரி போட்டார். கோவேந்தன் பலகையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கலத்தைத் திருப்பினான். பிளவுக்குள் இறங்கிச் சில்லுவைத் தோளில் சுமந்து வந்தான். துளசிமணியின் முகம் இளகுவதற்குள் கலம் கிளம்பப் பார்த்தது, இருமியது, நின்றுவிட்டது. எரிபொருள் முள் அடியில் கிடந்தது. கோவேந்தன் எல்லாரையும் பார்த்து, இனிமேல் இதுதான் நம் ஊர் என்றான். சமையல்காரர் கலத்துக்கு வெளியே பனியில் அடுப்பை மூட்டினார். சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள், நடுவில் சில்லு. கதை அதோடு முடிந்தது.

"ஏந் தம்பி," என்றாள் துளசிமணி, "பத்தாதுன்னு தெரிஞ்சேதான் திருப்புனீங்களா?"

"தெரியுமுங்க."

"அப்பறம் எதுக்கு?"

சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கணக்க மாத்த முடியலீங்க. போற ஊர மாத்திக்க முடிஞ்சுது."

அவன் மெல்ல வஞ்சியிடம் திரும்பி, அவள் கதையில் சில்லு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டான். நடந்து வந்துகொண்டிருக்கிறது என்றாள் அவள்.

"அது எவ்வளவு நடந்தாலும் அந்தக் கோளச் சுத்தித்தானுங்க வர முடியும்."

"சுத்தட்டுமுங்க. உங்களயா கேட்டாங்க?"

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர்கள் முன்னால் இப்படிச் சிரிப்பது நன்றாக இல்லை என்று தெரிந்தும் இருவராலும் அடக்க முடியவில்லை.

அர்த்தநாரி தொண்டையைச் செருமினார். பிள்ளைகள் ஆசை வேறு, பொருத்தம் வேறு என்றார். இரண்டு என்றால் இரண்டுதான், தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது என்றார். கடைசியில் சுவரில் இருந்த படத்தைக் காட்டி, இவர்களைப் பாருங்கள், பொருத்தம் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார்.

துளசிமணி படத்தை நிமிர்ந்து பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

"அண்ணா, நாங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துல சிரிப்போம், ஒரே எடத்துல அழுவோம். ஒண்ணும் கொறையில்லீங்க. ஆனா படம் முடிஞ்சா பேசறதுக்கு என்ன இருக்குது? இத்தன வருசத்துல இவுரு சொல்லி நான் தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணுமில்ல. நான் சொல்லி இவுரும் ஒண்ணும் தெரிஞ்சுக்கல. இதுங்க ரெண்டும் பேசட்டும் விடுங்க."

காலையிலிருந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து அப்போதுதான் பேசினார்.

"நானும் அதையேதான் நெனச்சேன்," என்றார்.

அவர் அதைத்தான் சொல்வார் என்று துளசிமணிக்குத் தெரியும்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் அப்பாவே முன்னால் நின்று பந்தி விசாரித்தார். அர்த்தநாரி வேண்டாவெறுப்பாக அந்தக் கல்யாணப் படத்தையும் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். விஷயம் ஊரில் பரவியது. கொஞ்ச நாளில் பெண்ணைப் பெற்றவர்கள் அவரிடம் வந்து, எண் கொஞ்சம் குறைவாக வருகிற மாதிரிப் பையன் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். எட்டும் ஒன்பதும் வந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், இரண்டு வருகிற மாதிரித் தங்கள் கதையைத் திருத்தினார்கள். இப்போது எல்லாரும் சென்னியப்பனைப் பார்த்துத் தங்கள் நெடுவானில் சத்தத்தை எடுத்துவிட்டார்கள். பொருத்தமானியில் எல்லா ஜோடிக்கும் பத்துக்குப் பத்து வருகிறது.

கல்யாணம் ஆனவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு கூட்டுக்கதை செய்யவேண்டும் என்பதும் வழக்கம்தான். வஞ்சியும் சென்னியப்பனும் மறுவாரமே கதைத்திருப்பியின் முன் உட்கார்ந்தார்கள். கலம் கிளம்பும்போது சத்தம் கேட்கவேண்டும் என்றாள் அவள். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கலாம் என்றான் அவன். அந்தச் சண்டை முடிவதற்குள் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்து, அவளும் கருவியின் முன் உட்கார்ந்து தன் பங்குக்கு ஏதோ சொல்லத் தொடங்கிவிட்டாள். கலம் இன்னும் தரையை விட்டுக் கிளம்பவில்லை. கோவேந்தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏணிப்படியில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் சில்லு பத்திரமாக இருக்கிறது.