கல்லறைச் சுவர்வரை வைஃபை

பின்னறையில் வைஃபை ரிப்பீட்டரை மாட்டிவிட்டுப் பிபின் போய்ச் சற்று நேரம்கூட ஆகியிருக்காது. ஜின்சி தன் கணவன் யூஜினுக்கு அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தியில் இரண்டு டிக் விழுந்து கிடந்தது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்கிற தெம்பெல்லாம் போன வருஷப் புயலோடு போயாயிற்று. யூஜின் போன விசைப்படகு அந்தப் புயலில் திரும்பி வரவில்லை. ஆள் கிடைக்கவில்லை, படகின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. ஊரே நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதபோது ஜின்சி மட்டும் அழவில்லை. இவளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பேசுகிற வாய்க்கு என்ன, பேசிவிட்டுப் போகும். ஈரம் இல்லாமல் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல எல்லாம் மரத்துக் கிடந்தது, அவ்வளவுதான். தொட்டால் தொட்டது தெரியும், வலி மட்டும் தெரியாது.

ஆனாலும் தினமும் அவனுக்கு ஏதாவது எழுதி அனுப்புவாள். 'இன்னைக்கு சாளைக் குழம்பு.' 'மாமிக்கு முட்டுவலி கூடியாச்சு.' 'மழை இல்ல.' ஒவ்வொன்றும் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு அப்படியே நிற்கும். பல் தேய்ப்பதுபோல அதுவும் ஒரு பழக்கம். பதில் வரும் என்று நினைத்து அனுப்பியதில்லை.

இப்போது அவள் விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சாளைக் குழம்புக்கு இரண்டு டிக். முட்டுவலிக்கு இரண்டு டிக். விரல் போகிற தூரம் மட்டும் எல்லாவற்றுக்கும் இரண்டு டிக்.

பிபின் அவளுக்குத் தூரத்துக் கொழுந்தன் முறை. ஊரில் கேபிள், நெட் எல்லாம் அவன் கைவேலைதான். காலையில் வந்தவன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மைனி, யூஜின் அண்ணன் வீடு கெட்டச் சொன்னா வட்டக்கோட்டையக் கெட்டி வச்சிட்டாரு. எம்மாடி, என்னா செவரு! சிக்னலு நடுவாசல் தாண்டுனதும் சத்தமில்லாம நிண்ணுருது."

அது உண்மைதான். மோடம் இருந்தது முன்ஹாலில், திரு இருதயப் படத்துக்குக் கீழே. ஹாலுக்கு உள்ளேயும் முற்றத்திலும் வைஃபை கிடைக்கும். பின்னறைக்கு ஒரு நாளும் எட்டியதில்லை. அங்கே சிம்மின் டவர் மட்டும் ஒரு கோடு காட்டும். எழுதி அனுப்பினால் போகும், படம் போகாது. இத்தனை நாள் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இன்று சாயங்காலம் அவளுக்கு ஓமனில் ஓர் ஆஸ்பத்திரியின் நர்ஸ் வேலைக்கு வீடியோவில் இன்டர்வியூ. முன்ஹாலில் உட்கார்ந்தால் ரோட்டில் மீன் ஏலச் சத்தம். அதோடு மாமியைப் பார்க்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். களியக்காவிளை ஏஜென்ட் கறாராகச் சொல்லியிருந்தார்: சத்தம் கூடாது, பின்னால் வெறும் சுவர் இருக்க வேண்டும், படம் விட்டுவிட்டு வரக்கூடாது, இதை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது.

ஜின்சிக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். சம்பளத்துக்காக அல்ல. கடல் சத்தம் கேட்காத ஓர் ஊர் வேண்டும். 'யூஜினுக்க பெண்டாட்டி, பாவம்' என்று யாரும் சொல்லாத ஒரு தெரு வேண்டும். மரத்துப்போன மனசில் மிச்சம் இருந்த ஒரே ஆசை அதுதான்.

பிபின் பின்னறை ஜன்னல் படியில் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியை வைத்துப் பிளக்கைச் சொருகினான். பச்சை விளக்கு எரிந்தது. "இனி ரூம் முழுக்க சும்மா பறக்கும். அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம் வரைக்கும் எட்டும், பாத்துக்கிடுங்க" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "தெரியாம சொல்லிட்டேன் மைனி."

"அதுக்கென்ன" என்றாள் ஜின்சி. அவளுக்கு உண்மையாகவே ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது தோன்றியது. பிபினைப் போனில் கூப்பிட்டாள்.

"பிபின், சிம் இல்லாத போனுக்கு மெசேஜ் போவுமா?"

"வைஃபை கிடைச்சா போவும் மைனி."

"பாஸ்வேர்டு போடாண்டாமா?"

"முன்ன ஒருக்கா போட்டிருந்தா அது மறக்காது. பக்கத்துல வந்தா தானா பிடிச்சிக்கிடும். நான் ரிப்பீட்டருக்கும் உங்க பழைய பேரு, பழைய பாஸ்வேர்டுதான் போட்டிருக்கேன். ஏன், என்ன விசயம்?"

"ஒண்ணும் இல்ல" என்று வைத்துவிட்டாள்.

யூஜினிடம் இரண்டு போன் உண்டு. கடலுக்குப் போகும்போது சிம்மைப் பட்டன் போனில் போட்டுக்கொண்டு போவான். நல்ல போன் உப்புத்தண்ணி பட்டுக் கெட்டுவிடும் என்று வீட்டிலேயே இருக்கும். கரையில் இருக்கிற நாளெல்லாம் ஹாலில் உட்கார்ந்து வைஃபையில் அதை நோண்டிக்கொண்டிருப்பான். புயலுக்குப் பிறகு, இனி வரமாட்டார்கள் என்று பங்குக் கோவிலில் முடிவானபோது, அந்தக் கரையில் வழக்கமாகச் செய்வதையே செய்தார்கள். உடல் கிடைக்காதவனுக்கும் சவப்பெட்டி உண்டு. உடலுக்குப் பதிலாக அவன் உடுத்த துணிமணிகளை ஆள் படுத்திருக்கிற கணக்கில் உள்ளே வைப்பார்கள். சட்டை, கீழே பேன்ட், நெஞ்சில் ஜெபமாலை. மாமி, அதாவது யூஜினின் அம்மா வியாகுலம்மாள், கடைசியாக அந்தப் போனைக் கொண்டுவந்து சட்டைப்பையில் போட்டாள்.

"ரா முழுக்க சார்ஜ் போட்டிருக்கேன். சார்ஜ் இல்லாம கெடந்தா அவனுக்குக் கோவம் வரும்" என்றாள். கூடி நின்றவர்கள் அதைக் கேட்டு இன்னும் அழுதார்கள். பெட்டியை மூடி, வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம், கல்லறைத் தோட்டத்துக் கடல்மணலில் இறக்கினார்கள்.

அதற்குப் பிறகு எத்தனை மாதம் ஆயிற்று. எந்தப் போனில் இத்தனை மாதம் சார்ஜ் நிற்கும்?

ஜின்சி நர்ஸ். ஒன்றைச் சந்தேகப்பட்டால் தொட்டுப் பார்க்கிற தொழில். ரிப்பீட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். 'கிடைக்கா?' என்று எழுதி அனுப்பினாள். ஒரு டிக். காத்திருந்தாள். ஒரு டிக்கேதான். பிளக்கைச் சொருகினாள். பச்சை விளக்கு மினுங்கி நின்றது. இரண்டு டிக்.

மறுபடி பிடுங்கினாள், மறுபடி அனுப்பினாள், மறுபடி சொருகினாள். நாடி பார்ப்பதுபோலவே இருந்தது. நாடி இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பின்சுவர், அதற்கு மேலே சிலுவைகளின் தலைகள். வெயிலில் மணல் வெளிறிக் கிடந்தது. உருகின மெழுகின் வாசமும், கீழ்மணலைத் தோண்டினால் வருகிற குளிர்ந்த ஈரவாசமும் சேர்ந்து வந்தது. யாரும் அங்கே தோண்டவில்லை. ஆள் நடமாட்டமே இல்லை. கடல் வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், நனைந்த வலையை யாரோ மணலில் கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி இழுக்கிறதுபோல ஒரு சத்தம்.

அவள் ஜன்னலைச் சாத்தினாள். பிளக்கை மட்டும் பிடுங்க முடியாது. பிடுங்கினால் இன்டர்வியூ இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அழைப்பு வந்தது. படம் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. திரைக்குள் ஒரு டாக்டரும் கண்ணாடி போட்ட ஓர் அம்மாவும் இருந்தார்கள். ஜின்சி வெள்ளைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எந்த மருந்து, எந்த அளவு, எந்த நரம்பு. வாய் தானாகப் பேசியது. காது ஜன்னலில் இருந்தது. இழுபடுகிற சத்தம் சுவருக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது.

"ஒரு நோயாளி இறந்துவிட்டார் என்று எப்படி உறுதி செய்வீர்கள்?" என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் கேட்டாள்.

மூச்சைப் பார்ப்பேன், நாடியைப் பார்ப்பேன், கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பேன், பிறகு டாக்டரைக் கூப்பிடுவேன் என்று ஜின்சி சொன்னாள். யூஜினுக்கு இதில் ஒன்றைக்கூட யாரும் பார்க்கவில்லை. பார்க்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. பார்க்காமலே மூடினார்கள்.

அந்த அம்மா சிரித்தாள். அடுத்த மாதமே வந்துவிட முடியுமா, வீட்டில் யாரும் தடை சொல்ல மாட்டார்களே என்று கேட்டாள்.

"யாரும் இல்லை, மேடம்" என்றாள் ஜின்சி.

அழைப்பு முடிந்தது. வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் கண் வாட்ஸ்அப்பில் விழுந்தது. டிக்கெல்லாம் நீலமாகியிருந்தது. சாளைக் குழம்பை வாசித்தாயிற்று. முட்டுவலியை வாசித்தாயிற்று. 'சாயங்காலம் இன்டர்வியூ' என்று காலையில் அனுப்பியதையும் வாசித்தாயிற்று.

ஒரே இழுப்பில் பிளக்கோடு ரிப்பீட்டரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பச்சை விளக்கு அணைந்தது. வைஃபை கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து மறைந்தன. இனி அந்தச் சுவருக்கு அப்பால் ஒன்றும் போகாது. கடைசியாக ஒன்று சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. 'நான் போறேன். மன்னிச்சிருங்க' என்று எழுதினாள். ஒற்றைக் கோட்டு டவரில் அது மெல்ல நகர்ந்து போனது.

ஒரு டிக்.

வெளியே இழுபடுகிற சத்தம் நின்றிருந்தது. கடல் மட்டும் இரைந்தது. ஜின்சி தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினாள். அப்பாடா என்று இருந்தது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக அழுகைபோல ஒன்று மேலே வரப் பார்த்தது. தப்பித்தாயிற்று. ஒரு மாதம்தான். பிறகு ஓமன்.

கண்ணைத் திறந்தாள்.

இரண்டு டிக்.

ரிப்பீட்டர் மடியில் கிடந்தது. இன்னும் இளஞ்சூடாக இருந்தது. விளக்கு இல்லை. அப்படியானால் மோடம். மோடத்தின் வைஃபை நடுவாசல் தாண்டாது. முற்றம், இல்லாவிட்டால் ஹால். வேறு இடம் இந்த வீட்டில் கிடையாது.

ஹாலில் மாமி ஜெபமாலை சொல்லத் தொடங்கியிருந்தாள். அந்தி வந்தால் எந்த வீட்டிலும் நடக்கிறதுதான். ஒருவர் மந்திரத்தின் முன்பாதியைச் சொல்ல வேண்டும், மற்றவர் பின்பாதியைச் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பது இருவர்தான். மாமி முன்பாதி சொன்னால் ஜின்சி எங்கே நின்றாலும் அங்கிருந்தே பின்பாதி சொல்வாள்.

மாமி முன்பாதியைச் சொல்லி நிறுத்தினாள்.

ஜின்சி வாயைத் திறக்கவில்லை.

பின்பாதி கேட்டது.

வார்த்தை என்று சொல்ல முடியாது. மணலைச் சல்லடையில் சலிக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. ஆனால் ஏற்ற இறக்கம் சரியாக அந்த மந்திரத்தினுடையது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது.

மாமி பயப்படவில்லை. அடுத்த மணியை நகர்த்தி, இன்னும் கொஞ்சம் உற்சாகமாக முன்பாதியைத் தொடங்கினாள். மறுபடி அந்தக் கரகரப்பு. இடையில் எதுவோ அடைத்தது. இருமல்போல ஒன்று.

"மெதுவா மக்கா, மெதுவா" என்றாள் மாமி. பச்சைப்பிள்ளைக்குச் சோறூட்டும்போது பேசுகிற குரல். "வாயில கெடக்க மண்ணத் துப்பிற்றுச் சொல்லு."

தரையில் பொலபொலவென்று உதிர்கிற சத்தம்.

ஜின்சி எழுந்தாள். பின்னறைக்கு இருப்பது ஒரே கதவு. ஜன்னலுக்குக் கம்பி. வெளியே போக வேண்டுமானால் ஹால் வழியாகத்தான் போக வேண்டும். கதவு ஒருக்களித்திருந்தது. அந்த இடுக்கில் கண்ணை வைத்தாள்.

பாயில் மாமி. எதிரே, ஜின்சிக்கு முதுகு காட்டி, ஒரு சட்டை உட்கார்ந்திருந்தது. சலவை மடிப்பு கலையாத சட்டை. தோள் இருந்தது, முதுகு இருந்தது, சட்டைக்குள் ஆள் நிறைந்தமாதிரி விம்மலும் இருந்தது. சட்டைக்கை முனையில் கை இல்லை. அங்கிருந்து ஈரமணல் விடாமல் வழிந்துகொண்டிருந்தது. வழிய வழிய, தரையில் கிடந்த மணல் நகர்ந்து நகர்ந்து பேன்ட்டுக்குள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

மாமி முந்தானையால் அதன் முன்பக்கத்தைத் துடைத்துவிட்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. புயலுக்குப் பிறகு மாமி சிரித்து ஜின்சி பார்த்ததில்லை.

"என்னத்துக்கு மக்கா தவிக்க? அவ எங்கயும் போவல" என்றாள் மாமி. "பின்னறையிலதான் நிக்கா."

ஜின்சி குனிந்து பார்த்தாள். போன். கையில் போன். திரையில் அவன் பெயருக்குக் கீழே, எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

வரவில்லை. ஒன்றும் வரவில்லை.

கரகரப்பு நின்றுவிட்டது. மாமியும் பேச்சை நிறுத்திவிட்டாள். திரு இருதயப் படத்து விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில், சட்டைக் காலருக்கு மேலே இருந்தது மெதுவாகப் பின்னறைப் பக்கம் திரும்பியது.