கடைசி பெஞ்சில் சௌபர்ணிகா

“பிள்ளைய வளக்குற லட்சணமா இது? ஒரே மாசத்துல பதினோரு தடவ வகுப்ப விட்டு வெளிய அனுப்பியாச்சு... வீட்டுல ஒரு வார்த்த கேக்க மாட்டீகளா?”

சௌபர்ணிகா நெற்றியில் வழிந்த மழைநீரைத் துடைத்தாள். மழைக்கு ஒதுங்கினது ஒரு குத்தமா? காரைக்குடிக்குத் திரும்பும் வழியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்ற, ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு கோட்டையூரில் கண்ணில் பட்ட பள்ளிக்கூட வராந்தாவில் ஏறினாள். ஏறின கையோடு சீருடை போட்ட ஒரு பெண் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது. அதைத் துரத்திக்கொண்டு வந்தவன்தான் இப்படிப் பொரிந்து தள்ளுகிறான். சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூள். இமையில் இரண்டு மழைத்துளி... கோபத்திலும் அந்தக் கண்கள் அழகாக இருந்து தொலைத்தன.

“சார்... இவக எங்க அக்கா இல்ல” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“அப்ப யாரு?”

“தெரியல சார்.”

அவன் காது சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

“அப்புறம் எதுக்கு அவ கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீக?”

“நான் எங்க புடிச்சேன்? உங்க பிள்ளைதான் என்னைப் புடிச்சிருக்கா. கொஞ்சம் பாத்துப் பேசுங்க சார்!”

சத்தம் கேட்டு தலைமையாசிரியை நாச்சியம்மை வெளியே வந்தார். வகுப்பில் அடங்காத பிள்ளைகளுக்கு உதவப் பள்ளி பள்ளியாகப் போகும் சிறப்பாசிரியை இவள் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“சாமியாப் பாத்து அனுப்பியிருக்கு உங்கள. இவ சினேகா, ஒன்பதாம் வகுப்பு. இவரு முத்துக்கண்ணன், கணக்கு வாத்தியாரு. இவருக்கும் அவளுக்கும் தினமும் சண்டை. வர்ற வெள்ளிக்கிழமை டிசி குடுக்குறதா இருக்கோம். நாலு நாள் இருக்கு... ஏதாவது செய்ய முடியுமா பாருங்கம்மா.”

அந்தப் பெண்ணின் கை இன்னும் சௌபர்ணிகாவின் கையை விடவில்லை. எப்படி முடியாதென்பாள்?

செவ்வாய்க்கிழமை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நோட்டில் மூன்று கட்டம்... முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அப்புறம் அதற்கு என்ன கிடைத்தது.

“யாரப் பத்தி எழுதுறீக? அவளையா, என்னையா?” முத்துக்கண்ணன் முறைத்தான்.

“ரெண்டு பேரையும்தான்.”

பாடம் தொடங்கியதும் ஆள் மாறிப்போனான். வட்டத்தை ஒரே இழுப்பில் போட்டுவிட்டுத் திரும்பிச் சிரித்தான் பாருங்கள்... சௌபர்ணிகாவின் பேனா பத்து நிமிஷம் நகரவே இல்லை. சீ, என்ன இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“சினேகா, எந்திரி. இந்தக் கணக்க சத்தமா வாசி.”

டெஸ்க் உதைபட்டது. புத்தகம் பறந்தது.

“வெளிய போ!”

சினேகா குழாயடிக்குப் போய் நின்றாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. அப்பாடா என்று ஒரு நிம்மதி!

புதன்கிழமையும் அதே கதை. சௌபர்ணிகா குழாயடிக்கே போய் வெறும் எண்களாக ஒரு கணக்கு கொடுத்தாள். கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்தது. அதையே நான்கு வரியில் எழுதிக் கொடுத்தாள். சினேகாவுக்கு வேர்த்துவிட்டது. எழுத்துக்கூட்டக்கூட வரவில்லை.

அன்று மாலை ஆசிரியர் கூட்டத்தில் சௌபர்ணிகா உற்சாகமாக எழுந்தாள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்!

“வாசிக்கச் சொல்றதுதான் தூண்டுதல். அதுலருந்து தப்பிக்கத்தான் அவ டெஸ்க்க உதைக்கிறா. தண்டனைன்னா அந்தச் செய்கை குறையணும். இங்க கூடிக்கிட்டே போகுது. அப்ப அது தண்டனையே இல்ல, வலுவூட்டல். சார் வெளிய அனுப்ப அனுப்ப, அவ கேட்டது அவளுக்குக் கிடைக்குது.”

“அட, நம்ம முத்துக்கண்ணன் இத்தன நாளா பரிசுல்ல குடுத்திருக்காரு!” என்றார் தமிழாசிரியர் மெய்யநாதன். அறையே சிரித்தது.

முத்துக்கண்ணன் எழுந்தான். “நாளைக்கு என் வகுப்புக்கு நீங்க வரவேண்டாம்.” திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வகுப்பு முன்னால் ஒரு பிள்ளையை அவமானப்படுத்தாதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறவள், ஊழியர்கள் அத்தனை பேர் முன்னாலும் ஒரு மனுஷனை அவமானப்படுத்திவிட்டாள். நெஞ்சு வலித்தது. அந்தப் பெண்ணின் டிசிக்காக மட்டுமில்லை... இனி அவன் தன்னைப் பார்த்துச் சிரிக்கவே மாட்டானே!

வியாழக்கிழமை வகுப்புக்குள் போகவில்லை. குழாயடியில் காத்திருந்தாள். சினேகா வெளியே வந்தால் இரண்டு வரி வாசிக்கச் சொல்லிக்கொடுக்கலாம். பத்து நிமிஷம்... இருபது நிமிஷம்... யாரும் வரவில்லை. சன்னல் வழியே அவன் குரல்தான் வந்தது.

“நான் வாசிக்கிறேன் சினேகா. நீ போட்டுக் காட்டு. அவசரமே இல்ல.”

கரும்பலகையில் சாக்பீஸ் விறுவிறுவென்று ஓடும் சத்தம். திடீரென்று வகுப்பே கைதட்டியது. சௌபர்ணிகா துள்ளிக் குதிக்காத குறை! சன்னலில் எட்டிப் பார்த்தாள். அவனும் பார்த்தான்... சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை. நாச்சியம்மையின் மேசையில் டிசி எழுதித் தயாராக இருந்தது. வாசலில் சினேகாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். சௌபர்ணிகா வாய் திறக்குமுன் முத்துக்கண்ணன் பேசினான்.

“மேடம், டிசி வேணாம். அவளுக்குக் கணக்கு நல்லா வருது. வாசிக்கத்தான் வரல. அதக் கண்டுபிடிக்காம பதிமூணு தடவ வெளிய அனுப்புனது நான். தப்பு என்னோடது.”

நாச்சியம்மை அந்தத் தாளை நான்காகக் கிழித்தார். “தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் வாசிப்புப் பயிற்சி. யாரு எடுக்குறீக?”

“நான்தான்” என்றான் முத்துக்கண்ணன்.

வெளியே தூறல். ஸ்கூட்டியைக் கிளப்பப் போனவளின் பின்னால் செருப்புச் சத்தம்.

“கெளம்பிட்டீகளா?”

“வேல முடிஞ்சிருச்சே... திங்கக்கிழம ஆத்தங்குடிப் பள்ளிக்கூடம்.” அவள் தலை குனிந்தாள். “அன்னைக்கு உங்ககிட்டத் தனியாச் சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க.”

“சொன்னது சரிதான. எனக்குக் கோபம் அதுக்கில்ல.”

“பின்ன?”

“யாரு முன்னாடி மட்டமாப் போனாலும் தாங்கிருவேன்... உங்க முன்னாடி போயிட்டமேன்னுதான்...”

சௌபர்ணிகா நிமிர்ந்தாள். அவன் கண்ணில் கோபமே இல்லை. பயம்தான் இருந்தது.

“உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றான் ஒரே மூச்சில். “வீட்டுல வந்து கேக்கலாமா?”

மழை வலுத்தது. இரண்டு பேரும் நகரவில்லை.

“அப்பா ஞாயித்துக்கிழம வீட்டுலதான் இருப்பாக.”

“சாயங்காலமா வரட்டுமா?”

“காலையிலயே வாங்க...” முகம் சிவக்க, ஆனால் அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள். “சாயங்காலம் வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது.”