வரட்டுமா?

பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஆறு. கோகிலவாணி மூன்றே முக்காலுக்கே வந்து, நான்காவது மாடிப் படிக்கட்டில் குடையை உதறிக்கொண்டு நிற்பாள். தாராவியிலிருந்து அந்த முனிசிபல் ஆஸ்பத்திரி நடந்து வருகிற தூரம்தான். ஜூலை மழையில் சாக்கடை எது சாலை எது என்று தெரியாமல் போயிருந்ததால் புடவை முழங்கால்வரை நனைந்திருக்கும். வாட்ச்மேன் கதவைத் திறந்ததும் எல்லோரையும் முந்திக்கொண்டு பதினேழாம் கட்டிலுக்கு ஓடுவாள். அங்கே அவள் புருஷன் பூலோகம் பன்னிரண்டு நாளாகக் கண் திறக்காமல் கிடந்தார்.

தோல் பை பட்டறையில் கட்டிங் மாஸ்டர் அவர். மேல்தட்டிலிருந்து தோல் கட்டு ஒன்றை இறக்கும்போது ஏணி வழுக்கி, தலை தரையில் மோதிவிட்டது. "காதுக்குப் பழக்கமானதைக் கேட்க வையுங்கள், சில பேர் அதைப் பிடித்துக்கொண்டே எழுந்து வந்துவிடுவார்கள்" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாமி பாட்டு வைத்துப் பார்த்தாள். பட்டறை ஆட்களை வரவழைத்துப் பேச வைத்தாள். ஒன்றுக்கும் அசையவில்லை. அப்புறம்தான் அந்தப் படம் நினைவுக்கு வந்தது.

கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம். பெயர் இங்கே வேண்டாம். அதில் கோரைப்பல் கிடையாது, விரித்துப் போட்ட தலைமுடி கிடையாது. பட்டுப்புடவை கட்டிய ஒரு நடுவயது அம்மாள் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறாள். தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாள், நலம் விசாரிக்கிறாள், "அப்போ, நான் வரட்டுமா?" என்று எழுந்துகொள்கிறாள். வீட்டார் "போயிட்டு வாங்க" என்கிறார்கள். மறுநாள் அந்த வீட்டில் ஒருவர் இருக்கமாட்டார். கடைசியில் வீட்டில் ஆளே மிச்சமில்லாதபோது அவள் திரும்பி, படம் பார்க்கிற நம்மிடம் அதையே கேட்கிறாள். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். பதினோரு விநாடி, சத்தமே கிடையாது. பிறகு திரை இருண்டுவிடும்.

அறுபது வருஷமாக அந்தப் படம் ஓடுவது அந்தப் பதினோரு விநாடிக்காகத்தான். விடைபெறுகிறவருக்குப் பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க நம் ஜனங்களால் முடியாது. வார்த்தை தொண்டைவரை வந்துவிடும். செம்பூரில் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் வருஷா வருஷம் அதைத் திரையிடும்போது பெரிய பெரிய ஆபீசர்களே நாற்காலியில் நெளிவார்கள். பூலோகம் மட்டும் நெளியமாட்டார். "போயிட்டு வாங்க தாயே" என்று உரக்கச் சொல்லி ஹாலையே சிரிக்க வைப்பார். வீட்டில் பார்த்தாலும் அதே பதில்தான்.

போனைத் தலையணையில் வைத்து, படத்தின் கடைசி அரைமணி நேரத்தை ஓடவிட்டாள். ஐந்து மணி வாக்கில் அந்தக் குரல் வந்தது.

"அப்போ, நான் வரட்டுமா?"

பதில் சொல்லவேண்டியவர் மூக்கில் குழாயோடு கிடந்தார். அவருக்காக அவளே சொன்னாள்.

"போயிட்டு வாங்க தாயே. இவுகள எனக்குத் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க."

பூலோகத்தின் வலது கட்டைவிரல் அசைந்தது.

அவள் அழுத அழுகையைக் கேட்டு வார்டே திரும்பிப் பார்த்தது. பதினெட்டாம் கட்டில் கலீலுல்லாவின் மனைவி பேகம் அப்போதுதான் அஸர் என்கிற மாலைத் தொழுகையை முடித்துவிட்டு டீ பிளாஸ்க்கோடு வந்துகொண்டிருந்தாள். மேலப்பாளையத்துக்காரி, மாஹிமில் வீடு. வந்த முதல் நாளிலிருந்து கோகிலவாணிக்கும் சேர்த்தே டீ கொண்டுவருகிறவள். விரல் அசைந்ததைக் கேட்டதும் அவளைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள்.

மறுநாள் பதினாறாம் கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். அதில் கிடந்த கிழவர் காலையில் போய்விட்டாராம். ஆஸ்பத்திரியில் இதெல்லாம் நடப்பதுதான் என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றும் படத்தை வைத்தாள். அன்றும் பதில் சொன்னாள். பூலோகம் அவள் விரலைப் பிடித்தார், இமை துடித்தது. அதே நேரம், பினாயில் வாடைக்கு நடுவே இன்னொரு வாசனை வந்தது. வருஷக்கணக்கில் பெட்டியில் மடித்து வைத்த பட்டுப்புடவையின் அந்துருண்டை நெடி. அவள் சுற்றிலும் பார்த்தாள். பட்டு கட்டியவர்கள் யாரும் அங்கே இல்லை.

அடுத்த நாள் பதினாறில் மறுபடி விரிப்பு மாற்றியிருந்தார்கள். புதிதாக வந்திருந்த இளைஞன் இல்லை.

கால் முறிந்து வந்தவன். முந்தின நாள் சாயங்காலம் வடாபாவ் தின்றுகொண்டு போனில் சிரித்தவன்.

கோகிலவாணி ஒன்றும் தெரியாதவள் இல்லை. வீட்டில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லையே என்று தன்னோடு தானே வாதாடினாள். ஆனால் வீட்டில் அந்த விருந்தாளியிடம் யாரும் எதையும் கேட்டு அழுததில்லை. அதையும் அவளே நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டே போனை எடுத்துத் தலையணையில் வைத்தாள்.

குளுக்கோஸ் பாட்டில் மாற்ற வந்த சிஸ்டர் வந்தனா, குரலைக் கேட்டு நின்றாள். மராட்டிக்காரி. தமிழ் நோயாளிகளோடு பழகிப் பத்து வார்த்தை தமிழ் தெரியும்.

"யே க்யா பூச்தி ஹை?" என்றாள். இவள் என்ன கேட்கிறாள்?

"ஜா ரஹீ ஹை, சிஸ்டர். போறேன்னு சொல்லுதா."

வந்தனா தலையாட்டி மறுத்தாள். "நை, நை. 'வா' மத்லப் ஆவோ, இல்ல? வரட்டுமா... மே ஆவூ க்யா? அவ போறா இல்ல. வர கேக்கறா."

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

கோகிலவாணி அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லுகிற வார்த்தை. கிளம்புவதற்குக் கேட்பது என்றே காது பழகிவிட்டது. பத்து வார்த்தை தெரிந்தவளுக்குத்தான் அது உள்ளபடி கேட்டிருக்கிறது. அந்த அம்மாள் போக அனுமதி கேட்கவில்லை. வர அனுமதி கேட்டிருக்கிறாள். இவள் வா என்றிருக்கிறாள், இரண்டு முறை.

அன்று பதில் சொல்லாமல் போனை அணைத்தாள். அடுத்த நாள் அதைத் தொடவே இல்லை.

பூலோகத்தின் பிடி தளர்ந்தது. விரல்கள் சில்லிட்டன. மூன்றாம் நாள் டாக்டர் மெஷினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, சொந்தபந்தங்களுக்குச் சொல்லிவிடச் சொன்னார்.

யாருக்குச் சொல்வது? குழந்தை இல்லை. இந்தப் பம்பாயில் அவளுக்கு அந்த மனுஷனைத் தவிர நாதி இல்லை. இருபத்தாறு வருஷம் அவர் குரலைக் கேட்டுத்தான் விடிந்திருக்கிறது. சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அவருக்குப் பதில் தன்னை எடுத்துக்கொள் என்று தெரிந்த சாமியிடமெல்லாம் கேட்டாள். எந்தச் சாமியும் பதில் சொல்லவில்லை. கேட்டால் கொடுப்பவள் ஒருத்திதான் இருந்தாள்.

பதினாறாம் கட்டிலுக்கு மேலே கூரை ஒழுகியதால் அதை இழுத்துப்போய் எங்கோ போட்டிருந்தார்கள். இனி பக்கத்தில் இருப்பது பதினெட்டுதான். கலீலுல்லாவுக்கு மறுநாள் டிஸ்சார்ஜ். மஞ்சள்காமாலை இறங்கி, கண் வெளுத்து, உட்கார்ந்து சாப்பிடுகிறார். தினமும் அந்த நேரத்தில் தொழப் போய்விடுகிற பேகம், டிஸ்சார்ஜ் காகிதத்துக்காக அன்று போகாமல் கட்டிலருகிலேயே இருந்து, அவருக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

மணி ஐந்து. வெளியே மழை வானத்தை அடைத்துவிட்டது. டியூப்லைட் ஒன்று விட்டு விட்டு எரிந்தது.

நான் பதில் சொல்லப்போவதில்லை, புருஷன் காதில் குரல் விழட்டும், அது போதும் என்று கோகிலவாணி தீர்மானித்துக்கொண்டாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்தாள். போனைத் தலையணையின் வலப்பக்கம், பதினெட்டாம் கட்டிலை ஒட்டி வைத்தாள். படத்தை நேராகக் கடைசிக் கேள்விக்கே நகர்த்தி, சத்தத்தை முழுக்க ஏற்றினாள். ஏன் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"அப்போ, நான் வரட்டுமா?"

ஒரு விநாடி. இரண்டு.

அந்துருண்டை நெடி.

ஐந்து. ஆறு.

வார்டில் யாரும் இருமவில்லை. மழைச் சத்தம்கூட நின்றுவிட்டது போலிருந்தது.

எட்டு.

பேகம் தலை நிமிரவில்லை. யாரோ உறவுக்காரி பதினேழைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறாள் என்று நினைத்திருப்பாள். பதில் வராமல் அந்த அம்மாள் நிற்பது அவளுக்கே சங்கடமாகப் பட்டிருக்கும். கை ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டேயிருந்தது.

கோகிலவாணி அவளைப் பார்த்தாள். ஒரு கை நீட்டினால் அவள் வாயைப் பொத்திவிடலாம். கை மடியிலேயே கிடந்தது.

"போயிட்டு வாங்கம்மா" என்றாள் பேகம்.

பூலோகம் கண் திறந்தார்.

கோகிலவாணி முந்தானையைத் துப்பிவிட்டு அவர் முகத்தின்மேல் குனிந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனாள்.

"கோகிலா... அவுக நின்னுக்கிட்டே இருக்காக. உக்கார இடம் குடு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தாள். எந்தப் பக்கம் பார்த்துப் போடவேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இரண்டு கட்டிலுக்கும் நடுவே, கலீலுல்லாவின் முகத்தைப் பார்க்கும்படி அதைத் திருப்பி வைத்தாள்.

"அண்ணன் முழிச்சிட்டாகளா, கோகிலாக்கா?" பேகத்தின் கண் நிறைந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ். இந்தாங்க, ஒரு சுளை வாயில போடுங்க."

நீட்டிய கைக்குக் கீழே, காலி நாற்காலியின் நான்கு கால்களும் மெல்ல அகன்று, பாரம் தாங்கி நின்றன.