ஜன்னலின் வெளிப்பக்கம்

குச்சி வெளியே இருந்தது.

மாடி அறைக்குப் புதிதாக வைத்த ஜன்னல் கதவுகளை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தியபோதுதான் அனந்தலக்ஷ்மி அதைக் கவனித்தாள். சாய்வாக அடுக்கிய மரச்சட்டங்கள் வைத்த கதவு. ஒவ்வொரு கதவின் நடுவிலும் செங்குத்தாக ஒரு மெல்லிய குச்சி. அதை மேலே தள்ளினால் சட்டங்கள் ஒன்றாகத் திறக்கும், கீழே இழுத்தால் மூடும். அறைக்குள் இருக்கவேண்டிய அந்தக் குச்சி, விரல் நுழையாத இடுக்குகளுக்கு அப்பால், வெளியே தெருவைப் பார்த்து இருந்தது.

அவள் கேட்டது பலகைக் கதவு. அப்பா பிச்சுமணி ஐயர் ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸில் கிளார்க்கு. பெரிய உத்தியோகஸ்தர் பங்களாவில் சட்டக் கதவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"பலகைக் கதவு நெல்லுப் பத்தாயத்துக்குப் போறும்," என்றார். " மனுஷா படுக்கற எடத்துக்குக் காத்து வேண்டாமோ?"

மாடிப்படிக்குப் போகிற வழியில் அம்மாவின் மடிப்புடவைகள் கொடியில் உலர்ந்துகொண்டிருந்தன. ஆசாரி உள்ளே வந்தால் தீட்டுப் பட்டுவிடும் என்று அம்மா தடுத்துவிட்டாள். அதனால் நாணு ஆசாரி வெளியே மூங்கில் சாரம் கட்டி, அதில் நின்றே அளந்து, அதில் நின்றே கதவை மாட்டினார்.

"எந்தா ஆசாரி, குச்சி வெளியிலேயாக்கும்?" என்று அப்பா கீழேயிருந்து கேட்டார்.

"உள்ளே ஏறண்டா, வரக்கூடாதுன்னு அம்மா பறஞ்ஞு. வெளியே நிக்கறவனுக்குக் கை எத்தற எடத்திலேதானே வைக்க முடியும், சாமி?"

அப்பா சிரித்துவிட்டார். சாரத்தை அவிழ்த்தாயிற்று.

கீழ் அறையில் அம்மா கைக்குழந்தையோடு படுத்தாள். மூன்று வயது நாகேஸ்வரன் அனந்தலக்ஷ்மியின் பொறுப்பு. மாடியில் மற்ற மூலைகளில் ஓடு ஒழுகியதால் நாகுவின் கட்டில் ஜன்னலை ஒட்டியே கிடந்தது. ஜன்னலுக்குக் கீழே இரண்டு ஆள் உயரத்துக்கு வெறும் சுவர். கால் வைக்க ஒரு விளிம்புகூடக் கிடையாது.

முதல் ராத்திரி, கையை வெளியே நீட்டிக் குச்சிகளைக் கீழே இழுத்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுத்தான் படுத்தாள். இடவப்பாதிப் பருவமழை ஓட்டில் ஓய்ந்து, தாழ்வாரத்தில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நனைந்த மரத்தில் மரம் மெதுவாக உரசுகிற சத்தம் கேட்டு விழித்தாள். எதிர்மேட்டுத் தெருவிளக்கின் வெளிச்சம் கோடு கோடாக நாகுவின் முகத்தில் விழுந்திருந்தது; புது ஆஞ்சிலி மரத்தின் வாசனைக்கு அடியில், பெட்டியில் ஈரத்தோடு மடித்து வைத்து மறந்துபோன துணியின் நெடி இருந்தது.

சட்டங்கள் திறந்திருந்தன.

"புது மரமாக்கும்," என்றார் அப்பா காலையில், வேஷ்டியைச் சரிசெய்தபடி. "மழை குடிச்சா அசையத்தான் செய்யும்."

"ரெண்டு கதவும் ஒண்ணுபோலே அசையுமோப்பா?"

"உனக்கு வாய் ஜாஸ்தி."

"பலகை வேணும்னு அழுதாளே," என்றாள் அம்மா, குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு. "அதுக்காக்கும் இந்தக் கதையெல்லாம். கேக்கறதுக்கு இங்க யாருக்கு நேரம்?"

அனந்தலக்ஷ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயம்கூட இல்லை, எரிச்சல். இந்த வீட்டில் காற்று சொன்னால் கேட்பார்கள், மரம் சொன்னால் கேட்பார்கள்.

இரண்டாம் ராத்திரியும் திறந்திருந்தது. மூன்றாம் ராத்திரி தூங்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சட்டங்களுக்குப் பின்னால் நிழலாகத் தெரிந்த குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மேலே ஏறியது. தூங்குகிறவர்களை எழுப்பிவிடக்கூடாது என்று நினைக்கிறவர்கள் கதவு திறப்பதுபோல, கொஞ்சம் ஏறி, நின்று, இன்னும் கொஞ்சம் ஏறி. கட்டில் தெரிகிற அளவுக்குச் சட்டங்கள் சாய்ந்ததும் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை.

விடியும்வரை நாகுவைத் தன் பக்கமாக அணைத்துக்கொண்டு கிடந்தாள்.

காலையில் அடுக்களை வாசலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"குச்சியை உள்ளே வைக்கணும். இல்லேன்னா நானும் மாடிக்குப் போகமாட்டேன், நாகுவையும் விடமாட்டேன்."

"சனியன்," என்றார் அப்பா. கச்சேரிக்குப் போகிற வழியில் ஆசாரியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நாணு ஆசாரி இந்தத் தடவையும் உள்ளே வராமல் வெளியே ஏணியில்தான் நின்றார். கதவுகளைக் கழற்றி, கீல்களை இடம் மாற்றி, வெளிப்பக்கத்தை அப்படியே உள்பக்கமாகத் திருப்பி மாட்டினார். நடுவில் கையை நிறுத்தி, குச்சியின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இதென்ன குஞ்ஞே, பத்து வருஷம் ஆள் பிடிச்ச மாதிரி தேஞ்சிருக்கு? ராத்திரி ஒறங்காம இதைப் பிடிச்சு விளையாட்டோ?"

"வெளியே இருந்ததை நான் எப்படிப் பிடிப்பேன்?"

ஆசாரி குச்சியிலிருந்து கையை எடுத்தார். இடுப்பு முண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக இறங்கினார்.

அன்று ராத்திரி தன் கையாலேயே இரண்டு குச்சிகளையும் கீழே இழுத்தாள். சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து மூடின. இனி வெளியே நிற்கிற எதற்கும் பிடித்துத் திறக்க ஒன்றுமில்லை. மூன்று நாள் தூக்கம் கண்ணை அழுத்தியது. நாகுவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தவளுக்கு, விளக்கை ஊதி அணைத்தது வரைக்கும்தான் நினைவிருந்தது.

ஈரத்துணி நெடியில் விழித்தாள். மூச்சு முழுக்க அதுதான்.

மரம் உரசியது. ஜன்னலுக்கு அப்பால் இல்லை. இப்புறம். அவள் தலைக்கு மேல்.

குச்சி மேலே ஏறியது. ஆசாரி குச்சியை உள்ளே திருப்பியபோது, அதைப் பிடித்திருந்த கையும் கூடவே உள்ளே வந்திருந்தது.

வெளிச்சம் கோடுகளாக உள்ளே வந்தது. சுவரில் விழுந்தது. பாயில் விழுந்தது. கட்டிலின் கால்மாட்டில் மட்டும் தரையில் விழவில்லை.

அங்கே யாரும் இல்லை. ஆனால் கோடுகள் அந்தரத்தில் நின்றன. வளைந்து. ஒரு தோளின் மேல் விழுந்தால் வளைவதுபோல. அதற்குக் கீழே, ஒரு முழங்கை மடிப்பில் உடைவதுபோல.

"அப்பா" என்று கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

கோடுகள் நகர்ந்தன. கட்டில் பக்கம்.

நாகு கண் திறக்கவில்லை. தூக்கத்திலேயே, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் மேலே நீட்டினான்.

கோடுகள் குனிந்தன.