புதன்கிழமைக்கு ஒரு காரணம்

மழை... சொல்லாமல் கொள்ளாமல் கொட்டித் தீர்த்த மழை! அதற்குப் பயந்து கல்லூரியின் பழைய கட்டடத்துக்குள் ஓடிவந்தவன், திறந்திருந்த அறைக்குள் நுழைந்து தலையை உதறினான். தெறித்த நீரெல்லாம் கரும்பலகை முன் நின்றவள் மேல்!

"கண்ணு தெரியலையா? இங்க படிப்பு வட்டம் நடக்குது!"

அவள் கணித ஆராய்ச்சி மாணவி. முதலாண்டுக் கணக்கில் திணறி, படிப்பையே விட்டுவிடலாமா என்றிருந்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, புதன்கிழமை மாலைகளில் கூட்டி உட்கார வைத்திருந்தாள். அவர்களுக்கு அவள் 'கணக்கக்கா'.

"வட்டமாத்தான் உட்கார்ந்திருக்காங்க... ஆனா பேசறது நீங்க மட்டும்தானே? மேடைப் பேச்சோன்னு நெனச்சுட்டேன்!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். திட்ட வாயெடுத்தவள் அவன் கண்களைப் பார்த்தாள். இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது... சொல்ல வந்தது மறந்துபோயிற்று.

மழை விட்டும் அவன் போகவில்லை. அடுத்த புதனும் வந்தான்; அதற்கடுத்த புதனும். கட்டடக்கலையில் ஆராய்ச்சி செய்கிறானாம். பிள்ளைகள் போனதும் இருவரும் நாற்காலிகளை அடுக்குவார்கள். அவன் அடுக்கியதை அவள் கலைத்து மறுபடி அடுக்குவாள்... நேரம் போகட்டுமே என்று! மற்ற நாட்களெல்லாம் அவளுக்குப் புதனை நோக்கி ஊர்ந்தன.

ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அந்தப் புதன் வட்டம் கூடவே இல்லை. அவள் திரும்பியதும் அவன் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டான்.

"நீங்க வராட்டி பசங்க கலைஞ்சு போயிடறாங்க. ஒருத்தன் சந்தேகம் கேட்டா நீங்களே பதிலும் சொல்லிடறீங்க. அவங்களுக்குள்ள கேட்டுக்கட்டுமே... கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்களேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. "ஒவ்வொருத்தரையா கெஞ்சிக் கூட்டிட்டு வந்தவ நான். நடுவுல வந்த உங்களுக்கு என்ன தெரியும்?"

"நடுவுல வந்தவன்..." மெல்லத் திருப்பிச் சொன்னான். "சரிங்க."

போயேவிட்டான்.

வாசலில் நிழலாடினால் அவள் மனம் துள்ளும்... வேறு யாராவதாக இருக்கும். வீட்டில் அண்ணி கேட்டேவிட்டாள்.

"சோத்தை எவ்வளவு நேரம்தான் பிசைவே? யார் மேல கோபம்?"

"என் மேலதான் அண்ணி..."

அடுத்த புதன் சந்தேகம் ஒன்று எழுந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். நாக்கு நுனிவரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு அவள் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, "இப்படிப் போட்டா வராதா...?" என்றாள். தப்பு. இன்னொருவன் திருத்தினான். மற்றொருத்தி மறுத்தாள். சண்டை போட்டுக்கொண்டே விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!

மழைக்காலம் முடியும்போது ஒரு புதன் வேண்டுமென்றே தாமதமாகப் போனாள். பிள்ளைகளே புதுப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள். ஒரே கூச்சல், சிரிப்பு, சாக்பீஸ் தூள். வாசலில் நின்றவளை யாரும் கவனிக்கவில்லை. மனசு நிறைந்தது... நிறைந்த வேகத்திலேயே வலித்தது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

கால்கள் கட்டடக்கலைத் துறைக்கு நடந்தன.

அட்டையை வெட்டி மாதிரி வீடு ஒட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். இளைத்திருந்தான்.

"நீங்க சொன்னதுதான் சரி. நான் இல்லாமலே நடக்குது."

"சந்தோஷம்ங்க... என்னைத் திரும்பக் கூப்பிட வந்தீங்களா?"

"எதுக்கு? அங்க நானும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்."

கத்தரி பாதியில் நின்றது. "அப்புறம்... எதுக்கு வந்தீங்க?"

"அதைத்தான் வழி முழுக்க யோசிச்சேன். புதன்கிழமைக்குன்னு இருந்த ஒரே சாக்கும் போச்சு. ஆனா... உங்களைப் பாக்காம இருக்க முடியலையே!" குரல் உடைந்தது. "அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவன் எழுந்து அருகில் வந்தான்.

"தினமும் அந்தக் கட்டடத்தைச் சுத்திட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். உள்ள வர ரோஷம் விடல... புதன்கிழமைன்னா உங்க குரல் கேக்குதான்னு ஜன்னலோரமா நிப்பேன். கொஞ்ச நாளா அதுவும் கேக்கல. பைத்தியம் பிடிக்காத குறைதான்!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க," என்றான். "நாளைக்கும் வருவீங்களா?"

"நாளைக்கு வியாழக்கிழமை... எதுக்கு வரணும்?"

"நான் இருப்பேன்... போதாதா?"

போதும் என்றன அவள் கண்கள். வாய் அதைச் சொல்லத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.