கூடையில் ஆறு விளைமீன்

"ஐயோ... கதிராமன்!"

அலறல் பாறைக்குடாவை உலுக்கியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து. திருகோணமலைத் துறைமுகத்தின் ஓரம். பாசி படர்ந்த பாறைகளுக்கிடையே மீனவன் கதிராமன் குப்புறக் கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது! கையில் தூண்டில் கயிறு. அருகே கூடையில் ஆறு விளைமீன்.

சார்ஜன்ட் தவராசா, அடுத்த குடாவின் மீனவன் மஹ்ரூபின் கைகளில் விலங்கை மாட்டினார்.

"நான் செய்யல்ல ஐயா! கதிராமண்ணன் எண்ட கூட்டாளி!"

"நேற்று அவனோட சண்டை பிடிச்சனியாம்?"

"வலை கிழிஞ்ச கதை ஐயா அது... பின்னேரம் ஒண்டாத்தான் தேத்தண்ணி குடிச்ச நாங்க!"

"பொய்!" மீனவர் சங்கத் தலைவர் காசிநாதர் பாய்ந்தார். "கதிராமன் தூண்டில் போட்டு ஒவ்வொண்டா இழுத்துக்கொண்டு நிண்டவன். இவன் பின்னால வந்து துடுப்பால போட்டான். என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான்!"

கூட்டம் உறுமியது. கத்திகள் வெளிவந்தன... இலக்கு, அடுத்த குடாவின் முஸ்லிம் குடியிருப்பு!

ஒரே கடலில் உண்டு, ஒரே மொழியில் அழும் மக்களை இரண்டாக வெட்ட ஒரு பிணம் போதுமாம். என்ன வெட்கம்!

"நில்லுங்கோ!"

கதிராமனின் மனைவி இலட்சுமி. கண்ணீர் காயவில்லை, குரல் நடுங்கவில்லை.

"என்ர மனுசன்ர பேரைச் சொல்லி ஒரு குடிசையும் எரியக்கூடாது!"

கூடையைக் கவிழ்த்தாள். ஒரு மீனின் வாயைப் பிளந்தாள். அடுத்தது... அதற்கடுத்தது...

"காசிநாதரண்ணை, இதெல்லாம் அவர் தூண்டிலில பிடிச்சதைக் கண்டனீங்களோ?"

"ஓம் எண்டுறன்!"

"அப்ப தூண்டில் குத்தின காயம் எங்க? ஒரு வாயிலயும் இல்லையே!"

ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். நடுமுள் நொறுங்கி, ஈரத்துணிபோல் தொங்கியது. கண்களில் இரத்தம்.

சார்ஜன்ட் திடுக்கிட்டார். "டைனமைட் அடிச்ச மீன்!"

"ஓம் ஐயா. கடலில குண்டு போட்டு மீன் அள்ளுறவனைக் கையும் மெய்யுமாப் பிடிக்கத்தான் அவர் விடியவே வெளிக்கிட்டவர். மீன் பிடிக்க இல்லை! அவற்ற கையில தூண்டிலையும் கூடையில மீனையும் வைச்சது ஆர்?"

காசிநாதரின் முகம் வெளிறியது.

"அ... அப்ப மஹ்ரூப்தான் குண்டு போட்டிருப்பான்!"

"தூண்டிலில இழுத்ததை ரெண்டு கண்ணாலயும் கண்டவர் நீங்கள்தானே, தலைவர்?" என்றார் சார்ஜன்ட்.

காசிநாதர் தம் வள்ளத்தை நோக்கி ஓடினார்!

வழி மறித்தது... அவரே மூட்டிவிட்ட கூட்டம்!

சார்ஜன்ட் வள்ளத்து வலையை விலக்கினார். டைனமைட் திரிகள். அடியில், இரத்தம் தோய்ந்த துடுப்பு! தம் வள்ளத்து மீனை அள்ளிக் கூடையில் போட்டவர், அதன் வாயைப் பார்க்க மறந்துவிட்டார். குண்டு வீசியே பழகியவருக்குத் தூண்டில் காயம் எப்படி ஞாபகம் வரும்?

விலங்கு கை மாறியது.

"ஆறு மீனும் தூண்டிலைக் கடிக்கேல்லை, தலைவர்," சார்ஜன்ட் பூட்டை அழுத்தினார். "ஏழாவதா நீங்கள்தான் வந்து கடிச்சனீங்கள்!"